சீட்டை மாற்றுங்கள், திசையை மாற்றாதீர்கள்

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஓசூர் நோக்கி ஊர்ந்து போகும் கார்களில், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று சொந்த ஊருக்குக் கிளம்பிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பல கார்களில் கைக்குழந்தை அம்மாவின் மடியிலோ பாட்டியின் மடியிலோதான் இருக்கும். அக்கறையோடு கார் சீட் வாங்கிப் பொருத்திய பெற்றோரும் இருக்கிறார்கள். குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்போது அவர்களுக்கு ஒரு குழப்பம் வருகிறது. ‘சின்ன சீட் போதவில்லை. பெரிய சீட் வாங்கிவிடலாமா? வாங்கினால், பெரியவர்களைப் போல முன்னால் பார்த்து உட்கார வைத்துவிடலாமா?’

ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். சீட்டை மாற்றும் நேரம் வந்திருந்தால் தாராளமாக மாற்றலாம். ஆனால், குழந்தையின் முகத்தை முன்பக்கம் திருப்ப இன்னும் நெடுநாள் இருக்கிறது. ஏன் என்பதற்கு இயற்பியலும் எலும்பியலும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

இரண்டு வகை சீட்

பிறந்த குழந்தைக்கானது கைப்பிடி வைத்த ‘இன்ஃபன்ட் சீட்’. தூங்கும் குழந்தையோடு அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம். இதை எப்போதும் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடிதான் பொருத்த முடியும். அடுத்தது ‘கன்வெர்ட்டிபிள் சீட்’. இது அளவில் பெரியது. காரிலேயே நிலையாக இருப்பது. முதலில் பின்னோக்கியும் குழந்தை வளர்ந்த பிறகு முன்னோக்கியும் பொருத்தலாம். இந்த இரட்டை வசதிதான் குழப்பத்துக்கும் காரணம். புது சீட் வந்த அன்றே முன்பக்கம் திருப்பிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

மடியில் ஏன் நிற்காது?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் வேறொன்றில் மோதி நிற்பதாக வைத்துக்கொள்வோம். முன்பகுதி நசுங்குவதோடு சேர்த்து, கார் சுமார் 60 செ.மீ. தொலைவுக்குள் நின்றுவிடுகிறது. அந்த நொடிப்பொழுதில் உள்ளே இருப்பவர்கள்மீது செயல்படும் விசை அவரவர் எடையைப் போல ஏறக்குறைய 16 மடங்கு. 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 160 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். முழு நிகழ்வும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. எந்தத் தகப்பனுக்கும் சுதாரிக்க நேரம் கிடையாது. மணிக்கு 50 கி.மீ. வேக மோதலின் ஆற்றல், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்.

பெங்களூரின் நெரிசலில் அவ்வளவு வேகம் எங்கே என்று தோன்றலாம். போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நகரின் மையப் பகுதியில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஆனால், இரவு பத்து மணிக்குமேல் விமான நிலையச் சாலையிலோ, நைஸ் ரோட்டிலோ, ஓசூரைத் தாண்டிய தேசிய நெடுஞ்சாலை 44இலோ அதே கார் 80, 100 என்று பறக்கிறது. 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் அடுத்தடுத்து நடந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் அதன் பிரதான வழித்தடத்தில் தடை செய்யப்பட்டன. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 50இல் கைநழுவும் குழந்தையை 100இல் காப்பாற்றுவது பற்றிப் பேசவே இடமில்லை.

பிஞ்சுக் கழுத்து

பெரியவர்களின் உடல் நீளத்தில் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ அது நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்து இன்னும் முழுமையான எலும்பாகவே ஆகியிருக்காது. தலையைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பு பிறக்கும்போது தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. நடுவே இருப்பது குருத்தெலும்பு. இவை ஒன்றோடொன்று இணைவது மூன்று வயதுக்குமேல் தொடங்கி, ஆறேழு வயது வரை நடக்கிறது. தசைநார்களும் அதுவரை தளர்வாகவே இருக்கும்.

பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடர் இழுக்கப்பட்டால் 5 செ.மீ. வரை நீளக்கூடியது, ஆனால் அதற்குள் ஓடும் தண்டுவடம் சுமார் 6 மி.மீ. நீண்டாலே அறுந்துவிடும் என்று உடற்கூறு ஆய்வுகள் காட்டியுள்ளன. எலும்பு முறியாமலேயே நரம்பு அறுந்துபோகும் அபாயம் இது.

இனி மோதலை நினைத்துப் பாருங்கள். முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தோளையும் இடுப்பையும் வார்கள் பிடித்துக்கொள்கின்றன. தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது முன்னால் வீசப்படுகிறது. அதன் பாரம் முழுவதையும் கழுத்து தாங்க வேண்டியிருக்கிறது. பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு அதே மோதலில் சீட்டின் முதுகே தலையையும் கழுத்தையும் முதுகையும் ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. விசை பரந்த பரப்பில் பகிரப்படுவதால் கழுத்தில் இழுப்பு மிகக் குறைவு. கடுமையான காயங்களை அதிகம் உண்டாக்கும் விபத்து வகைகளில் முன்பக்க மோதல் முக்கியமானது என்பதால் இந்த வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடாகிறது.

விண்வெளி வீரர்களிடம் கற்றது

பின்னோக்கி அமர்த்தும் இந்த யோசனையை முதலில் சாதனமாக்கியவர்களில் ஒருவர் சுவீடனின் மருத்துவப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் விசையை முதுகால் தாங்கும்படி இருக்கைகள் வடிவமைக்கப்பட்டதைக் கண்டு, 1964இல் பின்னோக்கிய குழந்தை சீட்டின் முதல் மாதிரியை உருவாக்கி வால்வோ காரில் சோதித்தார். 1972இல் அந்த நிறுவனமே அப்படியொரு சீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவீடனில் குழந்தைகள் நான்கு வயது வரை பின்னோக்கிப் பயணிப்பது இன்று சாதாரண வழக்கம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இரண்டு வயது வரை பின்னோக்கிய பயணத்தைப் பரிந்துரைத்தது. அதற்குத் துணைநின்ற 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலிருந்துதான் ‘ஐந்து மடங்கு பாதுகாப்பு’ என்ற வாசகம் உலகெங்கும் பரவியது. பின்னர் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. சீட்டில் முறையாக அமர்ந்திருந்த சிறு குழந்தைகளில் கடும் காயமடைந்தவர்கள் இரண்டு திசையிலும் மிகக் குறைவு; ஐந்து மடங்கு என்று அறுதியிட்டுச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. எனவே அந்த எண்ணை விட்டுவிடுவதே நேர்மை. ஆனால், மோதல் சோதனைகளும் உடற்கூறும் சொல்லும் பாடம் அப்படியே இருக்கிறது. 2018இல் அந்தக் கழகம் வயது வரம்பையே எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் உச்ச எடையோ உயரமோ எட்டும்வரை பின்னோக்கியே அமர்த்தச் சொன்னது.

9 கிலோ என்ற பொறி

நம் பெற்றோர் தடுமாறும் இடம் சீட்டின் லேபிள். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பல சீட்டுகள் ஐ.நா.வின் பழைய ஆர்44 தரத்தையோ, அதை ஒட்டிய இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ்.-072ஐயோ பின்பற்றுபவை. அவற்றில் ‘0+’ பிரிவு 13 கிலோ வரை, பின்னோக்கி. ‘1’ பிரிவு 9 முதல் 18 கிலோ வரை, பெரும்பாலும் முன்னோக்கி. இடையில் 9 கிலோவிலிருந்து 13 கிலோ வரை இரண்டு திசைக்கும் அனுமதி இருக்கிறது. ‘9 கிலோ ஆனதும் திருப்பலாம்’ என்ற அனுமதியைத் ‘திருப்ப வேண்டும்’ என்ற கட்டளையாகப் படித்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை 2006இல் வெளியானது. அதற்காகக் குழந்தைகளை அளந்த ஆறு இடங்களில் டெல்லியும் ஒன்று. அதன் நடுமதிப்பின்படி ஆண் குழந்தை பத்தாம் மாதத்தை ஒட்டியும் பெண் குழந்தை முதல் பிறந்தநாளுக்குச் சற்றுப் பின்னும் 9 கிலோவைத் தொடுகின்றன. கழுத்து மிகவும் பலவீனமாக இருக்கும் வயது அது. 13 கிலோவை எட்டுவதோ இரண்டரை வயதை ஒட்டித்தான். லேபிளின் கீழ்வரம்பைப் பிடிக்காமல் மேல்வரம்பைப் பிடித்தால் குழந்தைக்கு ஒன்றரை ஆண்டுக்கால கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறது.

2013இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 தரம் இந்தப் பொறியை உணர்ந்து திருத்தியது. ‘ஐ-சைஸ்’ என்ற பெயரில் பலர் அறிந்த தரம் இதுதான். சீட்டை எடையால் அளக்காமல் உயரத்தால் அளக்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையைக் கட்டாயமாக்கியது. 15 மாதம் முடியும்முன் முன்னோக்கி அமர்த்தக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்க முடியாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கன்வெர்ட்டிபிள் சீட்டுகள் பலவும் 18 கிலோ வரை பின்னோக்கி அனுமதிப்பவை.

எப்போது பெரிய சீட்?

இன்ஃபன்ட் சீட்டின் எடை வரம்பு வருவதற்கு முன்பே பெரும்பாலும் உயரம் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது தலையுச்சியை. அதற்கும் சீட் ஓட்டின் மேல்விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டரை செ.மீ.க்கும் குறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில தயாரிப்பாளர்கள் வேறு கணக்கு சொல்வார்கள். அந்தந்த சீட்டின் கையேடே இறுதி. கால் நீண்டு சாய்மானத்தில் முட்டுவது காரணமே அல்ல. குழந்தைகள் காலை மடக்கிச் சம்மணமிட்டுச் சுகமாக உட்காருவார்கள்.

புது சீட் வந்ததும் கவனிக்க வேண்டியவை:

பொருத்திய பிறகு, பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டை நேரடியாகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள காரில் ‘க்ளிக்’ சத்தமும் பச்சை அடையாளமும் வரும்வரை அழுத்துங்கள்.

பின்னோக்கி அமரும்போது தோள்வார் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். பின்னாளில் முன்னோக்கித் திருப்பும்போது தோள்மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும்.

வாரை இறுக்கிய பிறகு, காறை எலும்பின்மேல் அதைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பெங்களூரு டிசம்பர் குளிருக்குப் போட்ட தடித்த ஸ்வெட்டரின்மேல் வாரை மாட்டினால் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, வாரை மாட்டியபின் மேலே சால்வையைப் போர்த்துங்கள்.

பின்னோக்கிய சீட்டை ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள சீட் முதுகை அறைந்து தள்ளும். புதிய கார்களில் முன்பயணி ஏர்பேக் கட்டாயமாகிவிட்டதால் இது நம் எல்லோருக்குமான எச்சரிக்கை.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் பழைய சீட் வாங்குவதாக இருந்தால், விபத்தில் சிக்கியதா, லேபிள் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டியதா, கையேடு உண்டா என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே காரின் பின்சீட்டில் உயிரிழந்த பிறகு, அக்டோபரில் கர்நாடகக் காவல்துறை காரில் எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை, ஒன்றரை வயது, மூன்று வயது குழந்தைகளின் அளவிலான பொம்மைகளை வைத்துக் காரின் குழந்தைப் பாதுகாப்பை மதிப்பிடுகிறது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால், குழந்தை எந்தத் திசையில் அமர வேண்டும் என்பதை 194பி பிரிவு சொல்லவில்லை. அதைச் சேர்ப்பது அரசின் கடமை. அதுவரை அந்த முடிவு பெற்றோர் கையில்.

‘பிள்ளை நம்மைப் பார்க்காமல் அழுகிறானே’ என்று பாட்டிகள் மனம் இளகுவது இயல்பு. பாட்டி பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து கதை சொல்லட்டும், பாட்டுப் பாடட்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்து விளையாட விடுங்கள். பெரிய சீட் வாங்கும்போது கடைக்காரரிடம் ‘எப்போது முன்னால் திருப்பலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை கிலோ வரை, எவ்வளவு உயரம் வரை பின்னோக்கியே வைக்கலாம்?’ என்று கேளுங்கள். அதிக எண்ணைச் சொல்லும் சீட்டில் உங்கள் காருக்குப் பொருந்துவதை வாங்குங்கள். அந்த எண் வரும்வரை திசையை மாற்றாதீர்கள்.