பிழையைப் பூச்சியமாக்கும் கலை

1860ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2ஆம் நாள். இலண்டன் மாநகரை அடுத்த விம்பிள்டன் திடலில் தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டி தொடங்கவிருந்தது. விக்டோரியா மகாராணியார் முன்வந்து, தாங்கியொன்றில் பொருத்தப்பட்டிருந்த துப்பாக்கியின் விசையோடு பிணைத்த பட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தார். 400 யார் தொலைவில் இருந்த இலக்கின் மையத்துக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது. கூடியிருந்தோர் ஆரவாரித்தனர்.

மகாராணியார் துப்பாக்கி வித்தையில் வல்லவரோ எனின், அல்லர். அன்றைய வெற்றி, அத்துப்பாக்கியைச் செய்த யோசேப்பு விட்வேர்த் என்னும் பொறியியலறிஞருக்கே உரியது. மகாராணியார் வருமுன்னரே அதனை அசையாது பொருத்திக் குறியைச் சரிசெய்து வைத்த உழைப்பே அன்று பலன் தந்தது. இவ்வாறு குறியைச் சரிசெய்வதைப் படையினர் 'சீரோ செய்தல்' என்பர். பிழையைப் பூச்சியமாக்குதல் என்பதே அதன் பொருள்.

துப்பாக்கியின் பெயரைக் கேட்டாலே மனம் கூசும் நாடு நம் நாடு. குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் இப்பேச்சு எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். இக்கலையில் மாணவர்க்கு உகந்த கணிதமும் பெற்றோர்க்கு உகந்த நீதியும் உள்ளன. அவற்றின் பொருட்டே இதனை எழுதத் துணிந்தேன்.

குழாய் நோக்கும் திசை ஒன்று. கண் நோக்கும் கோடு மற்றொன்று. குழாயின் நுனியிலுள்ள முன்குறியையும் கண்ணுக்கு அண்மையிலுள்ள பின்குறியையும் இலக்கோடு ஒரே நேராக வைத்து நோக்குகிறோம். குண்டோ குழாயை விட்டு நீங்கிய கணமே புவியீர்ப்பால் தாழத் தொடங்குகிறது. உலகப் போர்களிற் பெயர் பெற்ற லீ என்பீல்ட் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 2,440 அடி வேகத்திற் புறப்படும். வழியிற் காற்று தடுப்பதால், 600 யார் செல்ல அதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். தடையின்றி விழும் பொருள் முதல் வினாடியில் 16 அடி விழும் என்பதை மாணவர் அறிவர். அந்த அளவை ஒட்டியே குண்டும் தாழும். ஆதலாற் குழாயைச் சிறிது மேல்நோக்கிச் சாய்த்தாலன்றி இலக்கை எட்ட இயலாது. அச்சாய்வைத் தருவதே பின்குறியின் பணி.

இவ்விரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 19 அங்குலம். முன்குறி ஓரங்குலத்தில் நூறிலொரு பங்கு, அதாவது இரண்டு மூன்று தலைமயிரின் பருமன், விலகியிருப்பதாகக் கொள்வோம். ஒத்த முக்கோணங்களின் விதிப்படி 100 யாரில் இரண்டங்குலமளவும், 600 யாரிற் பதினோரங்குலத்துக்கு மேலும் குண்டு விலகும். அருகிற் புலப்படாத சிறுபிழை தொலைவிற் பெரும்பிழையாகிறது.

இதனைத் திருத்தும் முறை எளிது, வேண்டுவது பொறுமையே. துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் வைத்து, ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுடவேண்டும். முதற் குண்டு விலகியதைக் கண்டு குறியை அசைப்பவன் பேதை. ஒரு குண்டு எதனையும் மெய்ப்பிப்பதில்லை. ஐந்து துளைகளும் நெருங்கி, ஆனால் ஒரு புறமாக ஒதுங்கி விழுந்தாற் பிழை குறியினுடையது. அவற்றின் நடுவிடத்தைக் கண்டு, குண்டு எப்பக்கம் நகர வேண்டுமோ அப்பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறியாயின் எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். ஐந்தும் ஐந்து திசையிற் சிதறினாலோ குறியைத் தொடலாகாது. மூச்சையும் கையையும் விசை இழுக்கும் விரலையுமே திருத்தவேண்டும்.

நமது மலையகத்துக்கும் இக்கலைக்கும் பழந்தொடர்பு உண்டு. 1900ஆம் ஆண்டிற் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமாரே அதில் இடம்பெற்றனர். முதலாம் உலகப் போரில் அப்படையின் ஒரு பகுதியினர் எகிப்துக்கும் பின்னர் கலிப்பொலிக்கும் சென்றனர். 1949இல் இலங்கைத் தரைப்படை உருவானபோது துரைமார் படை கலைக்கப்பட்டது.

கொழும்பிலே குறி சரிபார்த்த துப்பாக்கியை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் அது பழையபடி சுடாது. கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள அந்நகரிற் காற்றின் அடர்த்தி கொழும்பிலிருப்பதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. தடை குறையவே தொலைதூர இலக்கிற் குண்டு உயரப் பாயும். மலைக்குளிரோ வெடிமருந்தின் வேகத்தைச் சற்றுத் தணித்துக் குண்டைத் தாழ்த்த முயலும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஆகவே, இடம் மாறினால் மீண்டும் சுட்டுப் பார்த்தே குறியைச் சரிசெய்தல் வேண்டும். ஊருக்கு ஊர் அளவு வேறு.

இன்னுமொன்றை மறைத்தல் முறையன்று. 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையக மக்கள் அப்பெயரை இன்றும் மறக்கவில்லை. குண்டு எங்கே பாயும் என்பதைக் குறிகள் திருத்தும்; யாரை நோக்கிப் பாயலாம் என்பதை அவை திருத்தமாட்டா. அதனைத் திருத்த வேண்டியது மனிதனின் நெஞ்சமே. அங்கே பிழை நேர்ந்தால், எவ்வளவு நுட்பமாகச் சரிசெய்த குறியும் கொடுமைக்கே துணைபோகும். பலகையிலுள்ள இலக்கைத் தவிர வேறெதையும் நோக்காதவரையிலேயே இக்கலை விளையாட்டாகும்.

கணிதத்தில் ஒருமுறை பிழைவிட்ட பிள்ளையை உடனே வைகின்றோம். ஐந்து கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. ஐந்திலும் ஒரே படியிற் பிழையாயின் பிள்ளை மந்தனல்லன். கற்பித்த முறையில் எங்கோ ஓரிடம் கோணியிருக்கிறது. கற்பித்தவராகிய நாம் அதனைச் சிறிது திருத்தினால் ஐந்தும் நேராகும். பிழைகள் பலவிதமாயின் தேவைப்படுவது பயிற்சியும் அமைதியும். இரண்டுக்கும் பிரம்பு மருந்தாகாது.

தோட்டத்துச் சிறுவன் நகரத்துப் பாடசாலையிற் சேர்ந்து முதல் தவணையிற் பின்தங்கினால், அவனுக்குப் படிப்பு வராது என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். அவன் மலை மாறி வந்தவன். காற்று வேறு, தூரம் வேறு. அவனுக்கு இன்னும் சில முறை சுட்டுப் பார்க்க அவகாசம் கொடுங்கள். அதற்குள் நமது குறியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம்.