சிங்கிள் வெளியிடுமுன் ஒரு தாள் எடுங்கள்

2021 மார்ச் 7ஆம் திகதி வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யைக் கேட்காத பிள்ளைகள் மாவடிப்பள்ளியிலும் இருக்க மாட்டார்கள். தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு அது. அதன் வேரில் ஒரு பங்கு நமது நாட்டில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு கட்டியது. அப்படிக் கடல் கடந்து போன தலைமுறையின் கதையைத்தான் அந்தப் பேரன் ராப்பாகச் சொன்னான்.

படம் எதையும் நம்பாமல் தனியாக வெளியிடப்படும் ஒற்றைப் பாட்டுத்தான் சிங்கிள். ‘எஞ்சாய் எஞ்சாமி’ கோடிக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது. தகராறும் கூடவே வந்தது. 2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா சஞ்சிகையின் அட்டையில் தீயும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டு சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. அதன்பிறகு, இந்தப் பாட்டில் தன் உழைப்பு எவ்வளவு என்று அறிவு நீளமாக எழுதினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம்தான் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். 2024 மார்ச்சில் அவரே வந்து, மூன்று வருடமாக ஒருவருக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று, பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

இவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், கல்முனையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் குரல் பதிந்து, நாளைக்கே வெளியிட நினைக்கும் தம்பிமார் சில விஷயங்களை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரிகளும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றது. காணி ஒருவர் பெயரில் இருக்க, வேளாண்மை செய்வது வேறொருவராக இருப்பதை நம் வட்டைகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். எழுதியவர், பீட் போட்டவர், பாடியவர், ஸ்டூடியோச் செலவைக் கொடுத்தவர் என்று நான்கு பேர் இருந்தால், எந்தச் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசி முடித்தாக வேண்டும். பாட்டு ஓடாதவரை யாரும் கேட்கமாட்டார்கள். ஓடத் தொடங்கினால் நான்கு பேருக்கும் நான்கு ஞாபகம்.

ஹிப் ஹொப்பில் இந்தச் சிக்கல் பிறவியிலேயே உண்டு. இந்த இசையைப் பெரும் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் சிங்கிள், 1979இல் சுகர்ஹில் கேங் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதன் தாளமும் பேஸும் ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. உரிமையாளர்கள் சண்டை பிடித்த பிறகே பாட்டாசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்ந்தது. அதில் பாடிய ஒருவர் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் வரிகளையும் எடுத்துப் பாடியிருந்தார். காஸின் பெயர் சேரவே இல்லை. ‘ஷிக்’ குழுவின் நைல் ரொட்ஜர்ஸுக்குக் கேட்டு வாங்கும் பலம் இருந்தது. பிரோங்ஸ் தெருவில் பாடிய இளைஞன் காஸுக்கு இல்லை. எனக்கு மனசு பொறுக்காத இடம் இதுதான்.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது பீட்டில். யூடியூப்பில் ‘ஃப்ரீ பீட்’ என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது காசு வராத பாவனைக்கு மட்டுமே இலவசம். அதில் பாடி ஸ்பொட்டிஃபையில் ஏற்றினால் அது வணிக வெளியீடு; லைசன்ஸ் வாங்க வேண்டும். குறைந்த காசுக்குக் கிடைக்கும் லீஸ் லைசன்ஸை வாங்கினால், அதே பீட்டை இன்னும் பத்துப் பேருக்கு விற்கும் உரிமை பீட்காரரிடமே இருக்கும். யூடியூப்பின் கன்டென்ட் ஐடி முறை ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் வீடியோவின் வருமானத்தை வேறொருவர் பக்கம் திருப்பிவிடவும் கூடும்.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்புவது டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர்களின் வேலை. அப்போது ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு கிடைக்கும். அதில் முதல் ஐந்து வழங்கியவரைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டை, கடைசி ஐந்து பாட்டின் இலக்கத்தை. ரீமிக்ஸ் போட்டால் அதற்கு வேறு குறியீடு. எங்கே எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு இதை வைத்தே சேர்கிறது. பத்திரமாகக் குறித்து வையுங்கள். வெளியீட்டுத் திகதியை அவசரப்பட்டு வைக்காதீர்கள். ஸ்பொட்டிஃபையின் ஆசிரியர் குழுவிடம் பாட்டைப் பிளேலிஸ்ட்டுக்குச் சமர்ப்பிக்க, குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு அங்கே போயிருப்பது நல்லது.

காசு? ஒரு தடவை ஓடினால் இவ்வளவு என்று நிலையான விலை இல்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் தொகையில், மொத்த ஓட்டத்தில் உங்கள் பங்குக்கு ஏற்பக் கிடைக்கும். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை ஒலிப்பதிவு வருமானம் கணக்கிடுவதில்லை.

ஆகவே தாளை எடுங்கள். பாட்டின் பெயர், திகதி, பங்காளிகளின் முழுப்பெயர். வரி-மெட்டில் இத்தனை வீதம், ஒலிப்பதிவில் இத்தனை வீதம். கீழே எல்லோரும் கையெழுத்து. லேபிள் ஒன்று ஒப்பந்தம் நீட்டினால், உரிமை எத்தனை வருடத்துக்குப் போகிறது, கணக்கு எப்போது காட்டுவார்கள், தராவிட்டால் பாட்டு திரும்ப வருமா என்ற மூன்றையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே படைத்தவருக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் இறந்து 70 ஆண்டுவரை அது நிற்கும்.

மூத்தம்மா சொன்ன கவியையோ பொல்லடித் தாளத்தையோ ராப்புக்குள் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒன்று. அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வணிகத்துக்கு எடுத்தாள அனுமதி வேண்டும் என்கிறது. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். கவியைச் சொல்லித் தந்தவரின் பெயரையும், எந்த ஊர் என்பதையும் பாட்டின் விவரத்தில் போடுங்கள்.