சிறு குழந்தைகளுக்குத் தடை தாண்டும் விளையாட்டு

மூன்று வயதுக் குழந்தை வயல் வரப்பின்மேல் இரு கைகளையும் விரித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடப்பதைக் கிராமத்தார் யாவரும் கண்டிருப்பர். கண்டவுடன், "விழுந்துவிடுவாய்" என்று அதட்டிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது பெரியோர் வழக்கம். அன்பினால் செய்யும் இக்காரியத்தால் குழந்தைக்கு நஷ்டமே உண்டாகிறது. வரப்பின்மேல் தள்ளாடும் அச்சமயத்திலேதான் அது தன் தேகத்தை ஆளக் கற்கிறது.

தேகம் நிலை தவறாமலிருப்பதற்கு மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி செல்கிறது. கண் காண்பது ஒன்று. தலையின் சாய்வை அறியும் உட்காதின் உறுப்பு தெரிவிப்பது மற்றொன்று. தசைகளும் மூட்டுகளும் தம் நிலையை உணர்த்துவது மூன்றாவது. சிறுமூளை இவற்றை ஒருசேரக் கொண்டு கைகால்களின் அசைவைச் சீர்ப்படுத்துகிறது. இத்திறமை உபதேசத்தால் வராது. ஏறி, இறங்கி, தவழ்ந்து, குதித்து, சில தடவை விழுந்தும் எழுந்துமே வரவேண்டும். சாதாரணமாகக் குழந்தை மூன்று வயதில் கால் மாற்றிப் படியேறும். இரு கால்களையும் சேர்த்துக் குதிக்கும். நான்கு, ஐந்து வயதில் ஒற்றைக் காலில் நொண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட யோசனைகளின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தினந்தோறும் மொத்தம் 180 நிமிஷமாவது ஓடியாடவேண்டும்; அதில் 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படியான ஆட்டமாயிருத்தல் நலம். ஒரே அறைக்குள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இது எவ்விதம் கிட்டும்?

1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஏற்பட்ட அங்கன்வாடிகளின் பக்கத்தில் நாற்பதடி நீளமுள்ள இடம் கிடைத்தால் தடைப்பாதை ஒன்று அமைத்துவிடலாம். வேப்பமர நிழல் இருந்தால் விசேஷம். கிணறு, குளம், வண்டிப் பாதை ஆகியவை அருகிலிருந்தால் நடுவில் உறுதியான வேலி அவசியம். வேலி போட இயலாவிடில் அவ்விடம் உதவாது.

முதல் தடை எட்டடி நீளமுள்ள தென்னங்கட்டை. அதைப் பாதி புதைத்து, அரைச் சாண் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மேற்பாகத்தை வாய்ச்சியால் தட்டையாகச் செதுக்கிவிடவேண்டும். தென்னஞ்சிராய் காலில் ஏறினால் எளிதில் வெளிவராது. ஆதலால் நன்றாக இழைப்பது முக்கியம். அடுத்து, மூங்கில் பிளாச்சுகளை வளைத்து ஊன்றி, பழஞ்சாக்கு போர்த்தினால் தவழ்ந்து செல்லும் குகை தயார். ஐந்தடிக்கு மேல் நீளம் வேண்டாம். இரு வாய்களும் திறந்திருந்து உள்ளே குழந்தை தெரியவேண்டும். மூன்றாவதாக நான்கு பழைய மோட்டார் டயர்களைத் தரையில் படுக்கவைத்தால், ஒவ்வொன்றிலும் கால் வைத்து ஏறியிறங்கலாம். கம்பி நீட்டிய டயரைத் தள்ளிவிடுவதோடு, மற்றவற்றின் அடியிலும் துளைகள் இடவேண்டும். இல்லையேல் மழை நீர் தேங்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு அதுவே வீடாகும். கடைசியில் இரண்டடி உயர மண்மேடு. ஒருபுறம் படியும் மறுபுறம் சரிவும் வெட்டி, ஒரு பக்கத்தில் ஒரு சாண் ஆழத்திற்கு ஆற்றுமணல் நிரப்பினால் குழந்தைகள் அதில் குதிப்பார்கள்.

கயிற்றை வளைத்து வளைத்துத் தரையில் போட்டுத் தாண்டச் செய்யலாம். கழுத்து உயரத்திலோ சுருக்கிட்டோ ஒருபோதும் கட்டலாகாது. மரச்சட்டம் ஏதேனும் அமைத்தால், இடைவெளி மூன்றரை அங்குலத்திற்குக் குறைவாகவோ ஒன்பது அங்குலத்திற்கு அதிகமாகவோ இருக்கவேண்டும். நடுத்தர இடைவெளியில் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். தினமும் காலையில் வேலிக்கருவை முள், கண்ணாடித் துண்டு, ஆணி இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே குழந்தைகளை விடுவது முறை.

பெரியோர் அநேகர் இவ்விளையாட்டைக் கெடுப்பது ஓட்டப் பந்தயமாக்குவதினாலேயாம். "முதலில் வருபவனுக்கு மிட்டாய்" என்றால் குழந்தை கட்டையை விட்டுத் தரையில் ஓடிவிடும். பின்தங்கியது மறுநாள் வராது. ஒவ்வொருவராக, விரும்பும் வேகத்தில், வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பச் செல்லட்டும். அருகில் நிற்பவர் விழும்போது தாங்கக் கை நீட்டியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துச் செல்லக்கூடாது. பயந்த குழந்தை இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தானே தவழத் தொடங்கும். ஐந்து வயதிலேயே, "பெண்பிள்ளை குதிக்கலாமா?" என்று தடுக்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. பெண் குழந்தையின் எலும்புக்கும் தசைக்கும் வேறு விதி கிடையாது.

தடைப்பாதையினால் மற்றொரு பிரயோசனமும் உண்டு. தினந்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கு, எந்தக் குழந்தை எப்போதும் ஒரு காலையே ஊன்றுகிறது, எது மூன்று வயதாகியும் குதிக்க இயலாமல் அடிக்கடி விழுகிறது என்பது புலப்படும். அக்குழந்தையைச் சோம்பேறி என்று ஏசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். இவற்றிற் சில குறைகளை ஆறு வயதிற்குள் கண்டால் திருத்துவது சுலபம்.

சங்க அங்கத்தினர்கள் பத்துப் பேர் ஒரு பகல் மண் சுமந்து கட்டை புதைத்தால் வேலை முடிந்துவிடும். பெரும்பாலான சாமான்கள் களத்திலும் கொல்லைப்புறத்திலும் கிடப்பவையே. எனினும் மூங்கில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. கட்டையின் அடியைக் கறையான் அரிக்கும். ஆகவே புரட்டாசியில், மழைக்கு முன்னர், இரண்டு அங்கத்தினர்கள் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து, ஆடுவதைப் பிடுங்கி, புதியதை ஊன்றும் பொறுப்பை ஏற்கவேண்டும்.