நானூறு ஆண்டுக்கு முந்தைய மழைக் கணக்கு

1609 ஜூலை 26. லண்டனுக்குப் பக்கத்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் புதிய கருவியான தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பினார். பார்த்ததை ஒரு தாளில் வரைந்தார். தொலைநோக்கியில் பார்த்து வரைந்து, தேதியும் குறித்த நிலவுப் படங்களில் நமக்குக் கிடைத்த முதல் படம் அதுதான். கலிலியோ நிலவை வரைந்தது சில மாதங்கள் கழித்து!

அதே நாளில் அட்லாண்டிக் கடலில் 'சீ வென்ச்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் சூறாவளியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. வட அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு ஆட்களையும் உணவையும் கொண்டுபோன கப்பல் அது. இரண்டு நாளில் பெர்முடா தீவருகே பாறைகளில் சிக்கிக்கொண்டது. சுமார் 150 பேரும் உயிர் தப்பினார்கள். அந்தத் தீவின் மரங்களை வெட்டி இரண்டு சிறு கப்பல்கள் கட்டி, 1610 மே மாதம் பெரும்பாலோர் ஜேம்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சில நூறு பேர் இருந்த கோட்டையில், பட்டினிக்குத் தப்பி சுமார் 60 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? வந்தவர்களில் பலர் உழவு தெரியாத சீமான்கள், தங்கம் தேடியே பொழுதைக் கழித்தவர்கள் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை இல்லை. மிச்சத்தை மரங்கள் சொல்லின.

வர்ஜீனியாவின் ஆற்றோரச் சதுப்புகளில் பல நூறு ஆண்டு வாழும் சைப்ரஸ் மரங்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரு வளையம் வீதம் அவற்றின் தண்டு பருத்துக்கொண்டே போகும். நல்ல மழை பெய்தால் வளையம் அகலமாக இருக்கும். வறட்சி என்றால் ஒடுங்கிவிடும். வளையங்களைப் பார்க்க மரத்தை வெட்ட வேண்டாம். உள்ளீடற்ற துரப்பணத்தால் துளைத்து, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவி எடுத்தால் போதும். மரம் பிழைத்துக்கொள்ளும். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டுக்கு உரியது என்று தெரிந்துவிடும். ஒரு மரம் சில ஆண்டுகளில் வளையமே போடாமல் விடுவதுண்டு. அதனால் பல மரங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

அப்படி ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு இது: 1606 முதல் 1612 வரையான ஏழாண்டு வறட்சி, 770 ஆண்டுகளில் அந்தப் பகுதி கண்ட மிக மோசமான ஏழாண்டு வறட்சி. ஜேம்ஸ்டவுன் தொடங்கியதோ 1607-இல்! மழை குறைந்தால் ஆற்றில் நீர்வரத்து குறையும். கடலின் உப்புநீர் மேலேறி வரும். அந்த உவர்நீரைத்தான் குடியேறியவர்கள் குடித்தார்கள்.

சற்றுத் தெற்கே ரோனோக் தீவிலும் இதே கதைதான். ஹாரியட் 1585-இல் போய்த் தங்கியிருந்த தீவு அது. 1587-இல் அங்கே குடியேற இறங்கிய வேறொரு ஆங்கிலேயக் கூட்டம் 1590-க்குள் காணாமல் போயிற்று. 1587 முதல் 1589 வரை அங்கேயும் கொடும் வறட்சி என்று அதே வளையங்கள் காட்டுகின்றன.

ஜேம்ஸ்டவுனைச் சுற்றி வாழ்ந்த பௌஹாட்டன் மக்கள் மக்காச்சோளம் தர மறுத்தார்கள், பிறகு கோட்டையையும் முற்றுகையிட்டார்கள் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பௌஹாட்டன் மக்களின் வயலிலும் அதே வானம்தான் பொய்த்தது. தங்கள் பிள்ளைகளுக்கே பற்றாத மக்காச்சோளத்தைத் துப்பாக்கியோடு வந்து கேட்டவர்களுக்கு அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்?