சட்டாம்பிள்ளை சம்பளம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்ணயர்ந்தாலும் பாடம் நிற்காது. சட்டாம்பிள்ளை இருப்பான். நேற்று மணலில் எழுதிப் பழகியவன், இன்று சின்னப் பையனின் விரலைப் பிடித்து 'அ' போட வைப்பான்.

1789-ல் சென்னை எழும்பூரின் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியாரை இந்த மணலெழுத்து கவர்ந்தது. தம் விடுதியிலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் "நடக்காது" என்றதும், பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். நடந்தது! பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த முறையை 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். ஜோசப் லங்காஸ்டர் இதே போன்ற முறையை இங்கிலாந்தில் பரப்ப, 1806-ல் அது நியூயார்க் இலவசப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், செலவு மிச்சம். சட்டாம்பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு பேட்ஜும் எப்போதாவது ஒரு பரிசும்.

இன்றைய அமெரிக்காவில் அவன் பெயர் 'டீச்சிங் ஃபெல்லோ'. 2012 வாக்கில் முளைத்த, புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் 'கோடிங் பூட்கேம்ப்' பள்ளிகளில் மூன்று நான்கு மாதம் படித்து வெளியே வந்தவர். கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேல். பலருக்கு அது கடன். கம்பெனிகள் கூப்பிடாதபோது படித்த இடமே கூப்பிடுகிறது. சில மாத ஒப்பந்தம், மணிக்கணக்கில் கூலி. புரோகிராமர் சம்பளத்தின் பக்கத்தில் வைத்தால் அது கைச்செலவுக் காசு. புதிதாக வந்தவர்களின் விட்டுப்போன அடைப்புக்குறிகளைத் தேடிக் கொடுத்தே பொழுது சாய்கிறது. சொந்தமாக நாலு வரி எழுதவோ, இன்டர்வியூவுக்குத் தயாராகவோ எங்கே நேரம்?

சம்பளம்கூடப் போகட்டும். எனக்கு உறுத்துவது, இவரையே 'வேலை கிடைத்தவர்' பட்டியலில் ஏற்றிவிட முடிவதுதான். இந்தப் பட்டியல்கள் எவ்வளவு நெகிழும் என்பதற்கு 2017-ல் ஒரு சாட்சி கிடைத்தது. நியூயார்க்கின் ஃபிளாட்டயர்ன் ஸ்கூல் என்ற பூட்கேம்ப் விளம்பரப்படுத்திய வேலைவாய்ப்பு 98.5 சதவீதம். அதற்குள் பயிற்சிப் பணியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், சுயதொழில் செய்பவர்கள் எல்லோரும் அடக்கம். மாநில அட்டர்னி ஜெனரல் பிடித்ததும் 3,75,000 டாலர் கட்டிச் சமரசமானது. அதே காலத்தில் சில பூட்கேம்ப்கள் கூடி வகுத்த அறிக்கை முறையில், 'பள்ளியே வேலைக்கு எடுத்தவர்கள்' என்று தனிக் கட்டமே போட வேண்டியிருந்தது. அவ்வளவு சகஜம்!

எழும்பூர்ப் பையன் கடன் வாங்கிப் படிக்கவில்லை. அவனைக் காட்டி யாரும் அடுத்த மாணவனுக்கு வலை விரிக்கவுமில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படியொரு படிப்பில் சேரப்போனால், பணம் கட்டுமுன் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "நீங்களே வைத்துக்கொண்டவர்களைக் கழித்துவிட்டு, வெளியே எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?"