உங்களுக்குத் தெரியுமா? பால்கோவாவின் மணம் போனால் இனிப்பு மட்டுமே மிஞ்சும்!

● கொரோனா வந்த பலருக்கு மூக்கு அடைக்காமலேயே வாசனை போனது. 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம், வாசனையும் ருசியும் தெரியாமல் போவதை அறிகுறிகளில் சேர்த்தது.

● வைரஸ் முக்கியமாகத் தாக்குவது வாசனை நரம்பை அல்ல. மூக்கின் உச்சியில் அதற்குத் துணை நிற்கும் செல்களை. அவை மீண்டும் வளர்வதால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடுகிறது.

● மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணமே ருசியின் பெரும்பங்கு. அது இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இனிப்பு தெரியும், பால் சுண்டிய மணம் தெரியாது. சாத்தூர் காராச்சேவில் உப்பும் உறைப்பும் தெரியும், பூண்டு வாசம் தெரியாது. உறைப்பை உணர்த்துவது வேறொரு நரம்பு. கொரோனா சிலருக்கு அதையும் மழுங்கடித்தது.

● சிலருக்கு வாசனை திரிந்து, காபியும் வதக்கிய வெங்காயமும் குமட்டும். அவர்கள் சூடு ஆறிய, தாளிக்காத உணவைச் சாப்பிடலாம். பட்டினி கிடக்கக் கூடாது.

● சிவகாசி வட்டாரத்தில் வாசனை தெரியாமல் போவது உயிர்ப் பிரச்சினை. கருகல் வாடையும் கேஸ் கசிவும் தெரியாதவர், வீட்டிலும் பட்டாசு ஆலையிலும் உடனிருப்பவர்களிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

● வாசனையை மீட்க, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் சில நொடிகள் நிதானமாக முகர்ந்து பழகுங்கள். ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட பயிற்சி இது. 3 மாதமாவது தொடருங்கள். வாசனை திரும்பத் தாமதமானால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.