கொல்லிமலையில் 70 வளைவு! டர்போ கார்காரர்களே, ஆயில் டப்பாவைப் படித்தீர்களா?

நாமக்கல்:-

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழகிய டிரைவரே கவனமாக ஓட்டும் ரோடு. லீவு நாட்களில் வெளியூர் 'டர்போ' கார்களும் இங்கே சீறிக்கொண்டு வருகின்றன.

காருக்கு லட்சக்கணக்கில் கொட்டியவர்கள், ஆயில் மாற்றும்போது மட்டும் "ஏதாவது நல்லதா ஊத்துப்பா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் விடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான்!

மலையில் நடப்பது என்ன?

வளைவில் கார் ஊர்ந்து திரும்புகிறது. உடனே ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், மெதுவாகச் சுற்றும் என்ஜின் பெரும் பாரத்தை இழுக்க வேண்டும். சில டர்போ என்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அவற்றில் இந்த நேரம் பார்த்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோல் பற்றிக் கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அடி அது!

ஆயிலில் சேர்க்கும் ரசாயனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் 2018-ல் ஏ.பி.ஐ. 'எஸ்.என். பிளஸ்' தரத்திலும், 2020-ல் 'எஸ்.பி.' தரத்திலும் இதற்கென்றே தனி சோதனை சேர்க்கப்பட்டது. டப்பாவில் தேட வேண்டிய எழுத்து இதுதான்.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றக் கூடியது. புகையின் சூடு வேறு. மட்டமான ஆயில் அங்கே கருகிக் கரியாகப் படியும். நல்ல சிந்தெடிக் ஆயில் சீக்கிரம் கருகாது. கூடுதல் விலைக்குக் காரணம் அதுதான்.

நம்பர் ரகசியம்

"பனியே பெய்யாத ஊருக்கு 0டபிள்யூ, 5டபிள்யூ எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நாமக்கல் வெயிலிலும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாகத்தான் இருக்கும். முதல் எண் சிறியதாக இருந்தால் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். 5டபிள்யூ-30 என்பதில் உள்ள 30, என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுகிறது. அது 100 டிகிரி சூட்டில் அளந்தது.

"மலைக்குப் போறோம், கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்கண்ணே" என்பது பழைய வண்டிப் பழக்கம். இன்றைய என்ஜினில் ஆயில் ஓடும் சந்து மிகக் குறுகல். கார் கையேட்டில் போட்டிருக்கும் எண்தான் கடைசித் தீர்ப்பு. சில கம்பெனிகள் தனி அனுமதி எண்ணும் கொடுக்கின்றன. வோக்ஸ்வாகனுக்கு 502 00, மெர்சிடிசுக்கு 229.5 என்பவை அப்படிப்பட்டவை. உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் பாருங்கள்.

'சிந்தெடிக்' பஞ்சாயத்து

டப்பாவில் 'சிந்தெடிக்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் போதுமா? போதாது. இதுபற்றி 1999-ல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் கம்பெனிகளுக்குள் தகராறு வந்தது. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்த ஆயிலையும் 'சிந்தெடிக்' என்று விளம்பரம் செய்யலாம் என்று அங்குள்ள விளம்பரத் தணிக்கை அமைப்பு சொல்லிவிட்டது. ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். தர எழுத்தையும், அனுமதி எண்ணையும் பாருங்கள்.

போலி உஷார்!

பெரிய கம்பெனி டப்பாவில் மட்ட ஆயிலை ஊற்றி விற்கும் ஆசாமிகளும் உண்டு. சீல் உடையாத டப்பாவை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டு விட்டு வாருங்கள்.

காரவள்ளியில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவுக் குச்சியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வளைவு வரும் முன்பே கியரைக் குறையுங்கள். விரட்டி ஏறி செம்மேடு சேர்ந்ததும் சாவியைத் திருப்பி விடாதீர்கள். ஓரிரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓட விட்டால் டர்போவின் சூடு தணியும். அதன் பிறகு அருவிக்குக் கிளம்பலாம்.